முழு ஆளுக்கு டாக்டர்

அடுத்த ஆளைக் கூப்பிட எழில்மதி எழுந்து, கதவைத் திறந்து, வராந்தாவுக்கே வந்து நிற்கிறாள். மேசை மேல் மணி இருக்கிறது. அதை அவள் தொடுவதில்லை. பெஞ்சில் இருப்பவர் எழுந்து அவளோடு உள்ளே நடந்து வரும் அந்தச் சின்ன தூரத்துக்குள் பாதி நோயைப் பார்த்துவிடுவாள். எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறார், மாத்திரைப் பையை யார் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், கூட வந்த மகன் அம்மாவுக்கு முன்னால் போகிறானா பின்னால் வருகிறானா என்பதெல்லாம் அவளுக்கு விஷயம். "உள்ள உக்காந்துகினு மணி அடிச்சா, உக்காந்த ஆளுதான் தெரியும். நடக்குற ஆளு தெரியாது" என்பாள்.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்தில், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் அவளுடைய கிளினிக். மில் ஓடும்போது சுவரே அதிரும். ஸ்டெதாஸ்கோப்பை ஒருவர் நெஞ்சில் வைத்தால் இதயமும் மில்லும் சேர்ந்துதான் கேட்கும். வந்த புதிதில் இடத்தை மாற்றிவிடலாமா என்று யோசித்தாள். பிறகு மில்காரர் குஞ்சிதபாதத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். சுவரில் விரல் முட்டியால் தட்டினால் அவர் மோட்டாரை நிறுத்துவார். மறுபடி தட்டினால் ஓடவிடுவார். மில்லில் காத்திருப்பவர்கள் முணுமுணுத்தால், "டாக்டரு நெஞ்சு பாக்குறாங்க, செத்த இரு" என்பார். மிளகாய் அரைக்க வந்தவர்களும் அந்த நேரம் குரலைத் தணித்துக்கொள்வார்கள். யாருடைய நெஞ்சோ, அது நல்லபடியாக இருக்கட்டும் என்பதுபோல.

வயது முப்பத்திரண்டு. வெள்ளைக் கோட் கிடையாது. பருத்திப் புடவை அல்லது சுடிதார், மழை நாளில் கணவனின் ரெயின்கோட். ஸ்டெதாஸ்கோப்பைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். அதில் எப்போதும் லேசாகப் புளிசாத வாசனை இருக்கும். மருந்துச் சீட்டில் எழுதுவதற்கு முன்னால் எழுதப்போவதை வாய்விட்டுச் சொல்வாள். எழுதிய பிறகு, "எங்க, எனுக்குத் திருப்பிச் சொல்லுங்க" என்பாள். தப்பாகச் சொன்னால் சிரிக்க மாட்டாள். தான்தான் சரியாகச் சொல்லவில்லை என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே. "நீங்க எதுக்கு டாக்டரு? கண்ணுக்கா, எலும்புக்கா?"

"முழு ஆளுக்கு."

"அப்பிடின்னா?"

"உங்களுக்கு, உங்க வூட்டுக்காரருக்கு, உங்க மாமியாருக்கு, நேத்து பொறந்த புள்ளைக்கு. என்கிட்ட ஆவாததுன்னா ஆவுற எடத்துக்கு நானே அனுப்பி வைப்பேன். அங்கேருந்து திரும்பி வந்தப்புறம் பாத்துக்கறதும் நான்தான்."

இதை ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். சலிப்பில்லாமல் சொல்வாள்.

சலித்துப்போனவர் அவளுடைய அப்பா ராஜேந்திரன். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில், பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய், வருஷக்கணக்கில் காத்திருந்து பெர்மனென்ட் ஆனவர். அந்த வார்த்தையை அவர் உச்சரிக்கும்போதே குரல் ஒரு படி உயரும். மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்படிப்புக்கு நல்ல ரேங்கும் வாங்கியபோது, தோலோ ஸ்கேனோ எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அவள் குடும்ப மருத்துவம் என்றாள். ராஜேந்திரன் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"மூணு வருஷம் மேல படிச்சிட்டு, திரும்பியும் அதே சளி, காய்ச்சலா? பெர்மனென்ட் ஆவுற நேரத்துல கான்ட்ராக்ட்லயே இருக்கேன்னு சொல்ற மாதிரி இருக்குதும்மா."

அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஸ்பெஷலிஸ்ட்டுதான்பா கான்ட்ராக்ட். வேலை முடிஞ்சா ஆளு போயிடுவாங்க. என்கிட்ட வர்றவங்கதான் பெர்மனென்ட்."

அவருக்குப் பதில் பிடித்துப்போயிற்று. ஒத்துக்கொள்ள மட்டும் இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டார்.

அதை அவள் சும்மா வாய்ச்சாமர்த்தியத்துக்குச் சொல்லவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எல்லாத் துறையிலும் மாறி மாறி வேலை செய்தாள். ஆபரேஷன் தியேட்டர் பிடித்திருந்தது; கை நடுங்காது என்று பெரிய டாக்டர்கள் பாராட்டினார்கள். ஆனால் வயிற்றைத் தைத்து அனுப்பிய பெண் வீட்டுக்குப் போய் என்ன ஆனாள், தண்ணீர்க் குடம் தூக்கினாளா, புருஷன் தூக்கவிட்டானா என்று யாரிடம் கேட்பது? அடுத்த வாரம் அந்தப் படுக்கையில் வேறு ஆள். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒரு கரும்பு லாரி டிரைவரை அவள் மறக்கவில்லை. சர்க்கரை நோய், கண்ணுக்கு ஓர் இடம், கால் புண்ணுக்கு ஓர் இடம், சிறுநீரகத்துக்கு ஓர் இடம் என்று அலைந்துகொண்டிருந்தார். அவருடைய பையைப் பெஞ்சில் கவிழ்த்துப் பார்த்தால், ஒரே மாத்திரை வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில் கிடந்தது. அத்தனையையும் அவர் பயபக்தியோடு விழுங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டாக்டரும் தன் பங்கைச் சரியாகத்தான் செய்திருந்தார். அவரை மொத்தமாக ஒருவரும் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்து அடுக்கியபோது கிடைத்த திருப்தி, தியேட்டரில் கிடைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. முடிவை எடுத்தது அன்றைக்குத்தான்.

போன வருஷம் பாண்டிச்சேரிப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷ மாணவர்களிடம் பேச அழைத்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "மேடம், தினம் சளி, காய்ச்சல், மூட்டுவலி. போர் அடிக்காதா?" என்று கேட்டாள்.

"சளி ஒண்ணுதான். சளி பிடிச்ச ஆளு ஒவ்வொருத்தரும் வேற" என்றாள் எழில்மதி. பிறகு மேடைக்காக இல்லாமல், உண்மையாகவே சொன்னாள்: "சேவை, தியாகம்னு சொல்லி இதை எடுக்காதீங்க. எனக்கு மனுஷங்களோட பேசப் பிடிக்கும். ஒரு வீட்டோட கதை அடுத்த வருஷம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிக்கப் பிடிக்கும். ராத்திரி என் வீட்டுல தூங்கவும் பிடிக்கும். மூணும் சேர்ந்து கிடைக்கிற படிப்பு இதுதான்." கடைசி வாக்கியத்துக்குத்தான் கைதட்டல் அதிகம். பேராசிரியர்கள் வரிசையில் ஓரிருவர் முகம் சுளித்ததை அவள் பார்த்தாள். கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் தூங்குவது லேசில் கைவந்ததில்லை. கிளினிக் திறந்த முதல் வருஷம் எல்லோருக்கும் போன் நம்பரைக் கொடுத்தாள். மகள் இசைப்பிரியாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையில் போனைப் பிடித்து, யாருக்கோ வாந்தி மாத்திரை சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு அழுதாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. மறுநாள் காலை கிளினிக் வாசலில் பலகை மாறியிருந்தது. 'மாலை ஆறரைக்கு மேல் டாக்டர் அவர் வீட்டில் இருப்பார். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு என்றால் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவும். மற்றதெல்லாம் காலை வரை தாங்கும்.' ஊர் முதலில் முணுமுணுத்தது. பிறகு பழகிவிட்டது. மற்றதெல்லாம் காலை வரை தாங்கத்தான் செய்தது.

கணவன் இளம்பரிதி அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினியர். பதினெட்டாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ். அவர்கள் வீட்டில் திங்கள், செவ்வாய் என்று நாள் ஓடுவதில்லை, ஷிப்ட்தான் ஓடும். அவனுக்கு முதல் ஷிப்ட் என்றால் மாலையில் மகள் அவனோடு. இரண்டாம் ஷிப்ட் என்றால் தாத்தா ராஜேந்திரனோடு. நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் வீடு மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். குக்கர் வைக்கக் கூடாது. கதவைச் சாத்தக் கூடாது. இசைப்பிரியா நுனிக்காலில் நடந்து விளையாடக் கற்றுக்கொண்டாள். எழில்மதிக்கு இது புதிதில்லை. சின்ன வயதில் அப்பா பகலில் கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கியபோது அவளும் நுனிக்காலில்தான் நடந்தாள். அதனால்தான் எந்தத் தொழிலாளி வந்தாலும் நாடி பிடிக்கும் முன்னால், "இந்த வாரம் என்னா ஷிப்ட்டு?" என்று கேட்பாள். பசி, தூக்கம், வயிறு, கோபம், பெண்டாட்டியோடு சண்டை எல்லாம் அந்தப் பதிலுக்குள் இருக்கும்.

மாலையில் பிளாக் ரிக்ரியேஷன் ஹாலில் ஷட்டில் ஆடுவாள். ஆட்டத்தில் இரக்கமே கிடையாது. எதிரில் ஆடுகிறவர் காலையில் அவளிடம் முழங்கால் வலி என்று வந்தவராக இருந்தாலும், எந்த முழங்கால் என்று நினைவு வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போடுவாள். கோர்ட்டில் யாராவது ரிப்போர்ட்டை நீட்டினால், "கோர்ட்டுக்குள்ள நான் டாக்டர் இல்ல. பாயின்ட் சொல்லுங்க" என்பாள்.

இப்படித் தன் நாளைத் தானே வகுத்துக்கொண்டவளுக்கு, போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் வந்தது.

அடைமழை. மூன்று வாரமாக வெயிலே சரியாக இல்லை. கிளினிக் நர்ஸ் சந்திரகலா கடைசி ஆள் என்று சொல்லிவிட்டுக் கணக்கு முடிக்கப் போனாள். எழில்மதி வழக்கம்போல் வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் ஒரு குடும்பம். தமிழ்நிலா என்ற இளம்பெண், மடியில் ஒரு மாதக் குழந்தை. பக்கத்தில் அவளுடைய அம்மா சாமியம்மாள்; முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிறவர், மகள் பிரசவத்துக்காக வந்து தங்கியிருந்தார். சுவரில் சாய்ந்து நின்றவன் தமிழ்நிலாவின் கணவன் கொளஞ்சியப்பன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மூன்று பேரையும் தமிழ்நிலாவின் கர்ப்ப காலத்திலிருந்தே எழில்மதிக்குத் தெரியும்.

தமிழ்நிலா எழுந்தவள் தள்ளாடி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எழில்மதி அதைப் பார்த்தாள். கூடவே இன்னொன்றையும் பார்த்தாள். சாமியம்மாள் நெற்றி முழுக்கத் தைலம் பளபளத்தது. கொளஞ்சியப்பன் புதுக் கண்ணாடி போட்டிருந்தான்.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றாள்.

தமிழ்நிலாவுக்கு மூன்று வாரமாகத் தலைவலி, குமட்டல், எழுந்தால் கிறுகிறுப்பு. பிள்ளை பெற்ற உடம்பு, ரத்தம் குறைவாக இருக்கும் என்று வெளியே ஒரு இடத்தில் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். சாமியம்மாளுக்கும் தலைவலி, பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள். கொளஞ்சியப்பன் தலைவலிக்குக் கண் பரிசோதனை செய்து கண்ணாடி வாங்கியிருந்தான். ஆளுக்கு ஓர் இடம், ஆளுக்கு ஒரு காரணம். ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"கண்ணாடி போட்டப்புறம் தலைவலி போச்சா?"

"நின்னுச்சுங்க டாக்டரு. போன வாரம் பூரா இல்ல. இந்த வாரம் திரும்பியும் வந்துகினு கீது."

"போன வாரம் என்னா ஷிப்ட்டு?"

"நைட்டு."

"இந்த வாரம்?"

"முதல் ஷிப்ட்டு." அவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்: "எனுக்கு நைட் ஷிப்ட்டுதாங்க ஒத்துக்குது. பகல்ல வூட்டுல தூங்குனா தலவலியே வர்றதில்ல. ராவுல வூட்டுல தூங்குனாத்தான் காலையில மண்ட பொளக்குது."

எழில்மதி பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஆயா, உங்களுக்கு எப்ப வலி அதிகம்?"

"விடியால எழுந்திருக்கறப்பத்தான் கண்ணு. வெளிய வந்து வேலையப் பாத்தா மத்தியானத்துக்குள்ள கொறஞ்சி போவும்."

"பாப்பா எப்படி இருக்கு?"

"நல்லாத் தூங்குறா" என்றாள் தமிழ்நிலா. "ரெண்டு நாளா ராவுல அழுவறதேயில்ல. பால்தான் சரியாக் குடிக்க மாட்டேங்கறா."

எழில்மதி குழந்தையை வாங்கி மேசையில் கிடத்தினாள். பாதத்தில் சுண்டினாள். குழந்தை முகத்தைச் சுளித்து, மெலிதாக முனகி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. சுவரில் தட்டினாள். மில் நின்றது. நெஞ்சைக் கேட்டாள், வேகமாக ஓடியது. ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியைக் காலில் மாட்டினாள். தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. யாரும் நிம்மதியடையக்கூடிய எண். அவள் அடையவில்லை.

"ராத்திரி எல்லாரும் எங்க படுக்கறீங்க?"

"ஒரே ரூமுதாங்க."

"குளிருக்கு என்ன பண்றீங்க?"

அதற்காகவே காத்திருந்தவன்போல் கொளஞ்சியப்பன் முகம் மலர்ந்தான். "அதெல்லாம் நல்லா வழி பண்ணிட்டேங்க. பழைய இரும்பு வாளிய அறுத்து ஒரு கும்முட்டி அடுப்பு செஞ்சேன். லாரி திரும்புற எடத்துல உதுந்து கெடக்குற நெலக்கரிய எடுத்தாந்து, வெளியிலயே நல்லா எரிய வுட்டு, பொகையெல்லாம் அடங்கி கங்கு ஆனப்புறம்தான் உள்ள கொண்ணாந்து வப்பேன். ரெண்டு நாளா குளிரு ஜாஸ்தியா கீதுன்னு பகல்லயும் உள்ளயே வச்சிகினு கீறோம். பொட்டுப் பொகை இருக்காது. ஜன்னல் இடுக்கெல்லாம் அடச்சிட்டேன். சாரல் உள்ள வராது. புள்ள பெத்தவளும் கொழந்தையும் வெதுவெதுப்பா இருக்கணுமில்ல?"

மில் இன்னும் ஓடவில்லை.

புகை அடங்கிய கங்கிலிருந்து வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். காலில் மாட்டிய கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். எழில்மதி இதைப் பாடத்தில் படித்திருந்தாள். இப்போது அது அவள் மேசையில் கண்ணை மூடிக் கிடந்தது. இன்னும் ஓர் இரவு அந்த அறையில் தூங்கினால் என்ன ஆகும் என்பதை அவள் நினைக்கவே விரும்பவில்லை.

"சந்திரகலா அக்கா, சிலிண்டர்" என்று குரல் கொடுத்தாள். இழுப்பு நோயாளிகளுக்காக வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர். முகமூடியைக் குழந்தை முகத்தில் தானே பிடித்துக்கொண்டு, தோளில் போனை இடுக்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பிறகு ஆஸ்பத்திரி டியூட்டி டாக்டரை.

"சாச்சுரேஷன் தொண்ணூத்தொம்பதுன்னு சொல்றீங்க" என்றார் அவர். "அப்புறம் ஆக்சிஜன் எதுக்கு? அதுவும் நாலு பேருக்கு?"

"அந்த எண்ணுதான் சார் நம்மள ஏமாத்துது. மூடின ரூம்ல கங்கு அடுப்பு. வீட்ல படுத்த எல்லாருக்கும் காலையில தலைவலி. இவரு நைட் ஷிப்ட் போன வாரம் மட்டும் இவருக்கு வலி இல்ல. நாலு பேருக்கும் ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு பாருங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஆக்சிஜன் மட்டும் ஆரம்பிச்சிடுங்க."

"அனுப்புங்க."

கொளஞ்சியப்பன் அவள் போனில் சொன்னதைக் கோத்துப் பார்த்துப் புரிந்துகொண்டான். கண்ணாடியைக் கழற்றினான். ஆம்புலன்ஸில் ஏறும்போது மற்ற மூவரும் ஒரு பக்கம் இருக்க, அவன் எதிர்ப்பக்கம் கதவோரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆம்புலன்ஸ் சந்துமுனையைத் தாண்டியபோது மணி ஆறரை ஆகியிருந்தது. பின்னாலேயே போகலாமா என்று எழில்மதி ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போனால் அங்கே அவளுக்கு வேலை இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு வேலை தெரியும். தன் பங்கு முடிந்த இடத்தில் நிற்பதும் தன் தொழில்தான் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறாள். சொல்வது சுலபமாக இருந்தது. வீட்டுக்குப் போய் மகளையும் அழைத்துக்கொண்டு வழக்கம்போல் ஷட்டிலுக்குப் போனாள். ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்கவில்லை. முழங்கால் வலிக்காரர் அவளைத் தோற்கடித்துவிட்டு, சந்தோஷப்படலாமா என்று தெரியாமல் நின்றார். வலைக் கம்பத்தடியில் போன் வைத்திருந்தாள். அன்றைக்குச் சத்தத்தை அடக்கவில்லை.

அது அடித்தபோது ஓடிப்போய் எடுத்தாள்.

"நீங்க சொன்னது சரி" என்றார் டியூட்டி டாக்டர். "நாலு பேருக்கும் இருக்கு. குழந்தையோட அம்மாவுக்குத்தான் அதிகம். குழந்தை இப்ப பால் குடிச்சது. நல்லா அழறா."

எழில்மதி அப்படியே கோர்ட் தரையில் உட்கார்ந்தாள். இசைப்பிரியா வந்து, "அம்மா, அவுட்டா?" என்றாள்.

"இல்லடா. உள்ளதான் விழுந்துச்சு" என்று மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வீடு திரும்பிய அன்று, காலை நோயாளிகளை முடித்துக்கொண்டு எழில்மதி ஸ்கூட்டரில் கிளம்பினாள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இந்த வேலையில் பாதி என்பாள். வடலூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு செம்மண் தெரு. வரிசையாகச் சிமென்ட் ஷீட் வீடுகள். மழை விட்டு வெயில் அடித்தது. கொடியில் குழந்தைத் துணிகள்.

அந்த அறையை நின்று பார்த்தாள். ஜன்னல் இடுக்குகளில் பழைய பேனர்த் துணியை அளவாக வெட்டி, மடித்து, ஆணியடித்திருந்தான். கூரைக்கும் சுவருக்கும் நடுவே சாக்குத் துணியும் களிமண்ணும். கதவடியில் உருட்டி வைக்கச் சேலைத் துணியில் தைத்த ஒரு நீள மூட்டை. ஒரு தச்சன் கூட இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்க மாட்டான். கட்டிலோரம் இருந்த சுத்தியலின் பின்பக்கத்தால் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினாள். ஜன்னல் திறந்தது.

தமிழ்நிலா பாயில் சாய்ந்திருந்தாள். முகத்தில் தெளிவு வந்திருந்தது. சாமியம்மாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஆஸ்பத்திரியிலருந்தே அப்பிடித்தாங்க" என்றாள் தமிழ்நிலா தணிந்த குரலில். "கொழந்தையத் தொட மாட்டேங்குறாரு. என் கையால நானே கொல்லப் பாத்தேனேன்னு அதையே சொல்லிகினு கீறாரு."

எழில்மதி வெளியே வந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போதுதான் எதிர்வீட்டு வாசலில் பார்த்தாள். பாதியாக அறுத்த இரும்பு வாளி ஒன்று, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் படியில் இன்னொன்று. தெருக்கோடியில் பெயின்ட் டப்பாவில் செய்தது ஒன்று.

"இதெல்லாம் யார் செஞ்சது?"

அவன் தலை குனிந்தது. "என்கிட்ட கேட்டாங்க. சொல்லிக் குடுத்தேன். ரெண்ட நானே செஞ்சி குடுத்தேன்."

"ராத்திரி உள்ள வெச்சிக்கறாங்களா?"

"வப்பாங்க."

"அப்ப நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க." அவள் குரலில் கண்டிப்பும் இல்லை, தேற்றலும் இல்லை. சீட்டில் எழுதப்போவதைச் சொல்கிற அதே குரல். "உங்க வூட்ல என்ன ஆச்சோ, அத மறைக்காம அப்படியே சொல்லுங்க. தலைவலி, வாந்தின்னு யாராவது சொன்னா இன்னிக்கே என்கிட்ட அனுப்புங்க. எங்க, எனுக்குத் திருப்பிச் சொல்லுங்க."

அவன் சொன்னான். முதலில் தடுமாறி, பிறகு தெளிவாக. சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

எழில்மதி உள்ளே போய்க் குழந்தையை எடை பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், தமிழ்நிலாவுக்கு மருந்தை விளக்கினாள். இரண்டு மூன்று மாதம் ஞாபகமறதி, தலைசுற்றல் ஏதாவது வருகிறதா என்று கவனிக்கச் சொன்னாள். ஜன்னல் வழியே அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் ஒருவர் வாதாடினார்: "பொகையே இல்லியேப்பா, பொகை இல்லாம எப்பிடி?" கொளஞ்சியப்பன் சொன்னான்: "பொகை இருந்தாத் தும்மியாவது எழுந்திருப்போம்ணே. இது தூங்க வச்சிக்கினே தூக்கிகினு போயிடும். எம் பொண்ணு கண்ணத் தொறக்கல." அதற்கப்புறம் யாரும் வாதாடவில்லை. வாளிகள் இடிபடும் சத்தம் கேட்டது.

அவன் திரும்பி வந்தபோது அடுப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தூக்கி வந்தான். வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல் வாசலுக்கு வெளியே நின்றான். முழங்கை வரை கரி.

"பெயின்ட் டப்பா வூட்டுல ஒரு பெரியவரு, காலையில மயக்கமா வருதுன்னாரு. சாயங்காலம் இட்டுகினு வரேங்க."

"சாயங்காலம் வரைக்கும் வேணாம். நானே இப்ப வந்து பாக்கறேன்."

சொல்லிவிட்டு அவள் பாயிலிருந்து குழந்தையை எடுத்தாள். வாசலுக்கு வந்தாள். அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

அவன் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டான். "கையெல்லாம் கரிங்க டாக்டரு."

எழில்மதி நீட்டிய கையை மடக்கவில்லை. குழந்தை கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. அவன் கைகள் மெல்ல முன்னால் வந்ததும், அந்தக் கரிமேலேயே குழந்தையை வைத்தாள்.